சோணையம்மாளும் சக்களத்தி ரோடும்

சாப்பிட உட்காருகிறவன் முகத்தைச் சோணையம்மாள் பார்ப்பதில்லை. காலைத்தான் பார்க்கிறார். செருப்பு ஓரத்தில் செம்மண் ஒட்டியிருந்தால் வந்தவன் நல்ல வழியில் வந்த நல்ல மனிதன். இலை விழும், சோறு விழும், கேட்காமலே அப்பளம் விழும். வெள்ளை மணல் ஒட்டியிருந்தால் சோற்றுக் கரண்டி இலைக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிடும்.

“அங்குட்டுப் போயிட்டு வாரியாக்கும்?”

மற்றவர்களுக்கு ‘அங்குட்டு’ எந்தத் திசையாகவும் இருக்கலாம். சோணையம்மாளுக்கு ஒரே திசை, கிழக்கு. கிழக்கே கடல். கடலை ஒட்டி ஒரு ரோடு வளர்ந்துகொண்டு வருகிறது. அதை அவர் ரோடு என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. ‘அவ’ என்பார். அவ எம்புட்டுத் தூரம் வந்துட்டா, அவளுக்குத் தார் பூசியாச்சா, அவ மேல இன்னமும் மணல்தானா என்று விசாரிப்பார். புதிதாக வந்த டிரைவர் ஒருவர் இதைக் கேட்டு, வீட்டுக்காரர் விவகாரம் போலிருக்கிறது என்று எண்ணி, பாதிச் சாப்பாட்டில் எழுந்து மரியாதையாக வெளியே போய் நின்றுகொண்டார்.

அப்படி ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் உடையப்பன் கொட்டகையின் பின்பக்கம் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறார். அவரை ஒருத்தி கொத்திக்கொண்டு போவாள் என்ற பயம் சோணையம்மாளுக்கு ஒரு நாளும் வந்ததில்லை. “இவரக் கூட்டிட்டுப் போறவ வெங்காயத்தையும் சேத்துக் கூட்டிட்டுப் போகட்டும்” என்று உடையப்பன் காதுபடவே சொல்வார். உடையப்பனும் மறுப்பதில்லை.

கடைக்குப் பலகை கிடையாது. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற சாலையில், லாரிகள் ஒதுங்கி நிற்கும் பொட்டலில் ஒரு கீற்றுக் கொட்டகை. இரண்டு பெஞ்சு, இரண்டு நீள மேசை, ஓயாத அடுப்பு. குழம்பு தினம் ஒன்றாக மாறும், ரசம் மாறாது. அந்த ரசத்தைக் குடித்துவிட்டு அறந்தாங்கி வரைக்கும் கண்ணில் நீரோடு வண்டி ஓட்டிய டிரைவர்கள் உண்டு. அடுத்த நடைக்கும் அங்கேதான் வருவார்கள்.

பொறாமை கெட்ட குணம் என்று சொல்கிறவர்கள் அதை ஒழுங்காகச் செய்து பார்க்காதவர்கள். சோணையம்மாள் ஒழுங்காகச் செய்கிறவர். காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் எதிர்க்கடைக்காரன் எத்தனை பால் கேன் இறக்குகிறான் என்று பார்த்துவிடுவார். பிள்ளையார்பட்டிக்குப் போகிற பஸ் கடையைத் தாண்டும்போது ஜன்னலோரம் உள்ளவர்களின் மடியில் கட்டுச்சோறு தெரிகிறதா என்று நோட்டம் விடுவார். தெரிந்தால் பெருமூச்சு. திரும்பி வரும்போது அவர்கள் கொழுக்கட்டைப் பிரசாதத்தோடு வருவார்கள். மறுபடியும் பெருமூச்சு. “பிள்ளையாரும் எனக்குப் போட்டியாக் கடை போட்டுட்டாரு, அவருக்கென்ன, வாடகையா வெறகா” என்று ஒரு நாள் சொன்னபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த குருக்கள் வீட்டுப் பையனுக்குப் புரையேறியது. தேவகோட்டையில் கோர்ட்டு இருப்பதால் அங்கே சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டம் வருகிறது என்று அந்த ஊர் மேல் அவருக்கு ஆதங்கம். நம்ம ஊர்ச் சனம் ஏன் இப்படி ஒத்துமையாக் கிடக்குது என்று கேட்பார்.

இவ்வளவு பொறாமைக்கும் ஒரு கருவி வேண்டாமா? இருக்கிறது. அது சோணையம்மாளின் கண்.

அவர் திட்டினால் யாருக்கும் பயமில்லை. மெச்சினால்தான் பயம். எதிர்க்கடைக்காரன் புது ரேடியோ வாங்கி வைத்தான். சோணையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே தெருவைக் கடந்து போய், “தெளிவாத்தான் பாடுது” என்றார். அன்று மாலைச் செய்தியில் பாதியோடு அது உயிரை விட்டது. பக்கத்துப் பட்டறைக்காரர் வீட்டுப் பப்பாளி மரத்தைப் பார்த்து, “கொத்துக் கொத்தாக் காய்ச்சிருக்கே” என்றார். மரம் வேரோடு சாய்ந்தது. முந்தின இரவு பெய்த மழையை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய வீட்டுத் தேனம்மை ஆச்சி படித்தவர், இதையெல்லாம் நம்பாதவர். ஆனாலும் சோணையம்மாள் அண்டா இரவல் கேட்டு உள்ளே நுழைந்தால், முற்றத்தில் காயும் வடகத்தின் மேல் ஒரு வேட்டி விழுந்துவிடும். “வெயில் கூடுதலா இருக்கு சோணை” என்பார் ஆச்சி. வெயிலில் காயத்தான் வடகம் வைப்பது என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

இந்தப் பேரைச் சோணையம்மாள் மறுத்ததில்லை. பேர் என்று ஒன்று இருந்தால் சரிதான் என்பது போல இருப்பார்.

இனி ‘அவள்’ கதை.

கடலோரமாக ரோடு வேண்டும் என்று முற்காலத்தில் யாருக்கும் தோன்றவில்லை. கடலே ரோடாக இருந்தது. தொண்டியில் பாய் விரித்தால் தோணி வடக்கே போகும், தெற்கே போகும், சிலோனுக்கும் போகும். தரை வழி என்பதெல்லாம் மேற்கே உள்ள ஊர்களிலிருந்து கடலுக்கு இறங்கும் வழிகள்தான். பிறகு தோணிகள் குறைந்தன, லாரிகள் வந்தன. லாரிக்குப் பாய் கட்ட முடியாது. தொண்டிப் பக்கத்து உப்பு மூட்டை வடக்கே உள்ள அடுத்த கடலோர ஊருக்குப் போக வேண்டுமானால், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே தேவகோட்டைக்கு வர வேண்டும். அங்கிருந்து காரைக்குடி, அங்கிருந்து அறந்தாங்கி, பிறகு மறுபடியும் கிழக்கே கடலுக்கு இறங்க வேண்டும். காரணம் சின்னது. நடுவில் ஓர் ஆற்றுவாய். அதற்குப் பாலம் இல்லை. அந்த ஆற்றின் பெயரைச் சொன்னால் இரண்டு ஊர்க்காரர்கள் எங்கள் ஊர் ஆறு என்று சண்டைக்கு வருவார்கள்; அதனால் ஆறு என்றே வைத்துக்கொள்வோம்.

இப்படி மூக்கைத் தலையைச் சுற்றித் தொடுகிற பயணத்தில் டிரைவருக்குப் பசி எடுக்கிற இடம் சரியாகக் காரைக்குடி. இந்த ஏற்பாட்டைச் செய்த கடவுள் யாரோ, அவர் நன்றாயிருக்க வேண்டும் என்று சோணையம்மாள் தினமும் விளக்கேற்றினார்.

அறுபத்து நாலாம் வருஷப் புயல் தனுஷ்கோடியைத் தின்றுவிட்டுப் போன பிறகு, கடலோரம் என்று ஒன்று இருப்பது பலருக்கு ஞாபகம் வந்தது. ஆபத்துக்கு அரிசி கொண்டுபோகக் கூட வழியில்லையே என்று பேச்சு எழுந்தது. பேசியவர்கள் மாறினார்கள், பேச்சு மாறவில்லை. அப்புறம் வேலை துண்டு துண்டாகத் தொடங்கியது. ஓர் ஊரில் கொஞ்சம் சரளை, அடுத்த ஊரில் கொஞ்சம் செம்மண், இரண்டுக்கும் நடுவில் சக்கரம் புதையாமல் இருக்கப் பனைமட்டை பரப்பிய மணல். ஆற்றுவாய் வந்ததும் அதுவும் இல்லை. வண்டிக்காரர்கள் இறங்கி, தண்ணீர் வற்றும் வரை பீடி பிடித்தார்கள்.

இந்தத் துண்டுகளை ஒட்டப் போகிறார்கள் என்ற சேதியைக் கடைக்குக் கொண்டுவந்தவர் நெடுஞ்சாலைத் துறை ஓவர்சியர் மீனாட்சிசுந்தரம். நல்ல மனிதர், வாய்தான் நிற்காது. சாப்பிட்டு முடித்த இலையிலேயே படம் போட்டுக் காட்டினார். நடுத்தண்டு இருக்கிறதே, அது இந்தக் காரைக்குடி ரோடு. தண்டிலிருந்து ஓரத்துக்கு ஓடும் நரம்பெல்லாம் கடலுக்கு இறங்கும் ரோடுகள். இலையின் ஓரம் கடற்கரை. இத்தனை நாள் ஒரு நரம்பிலிருந்து இன்னொரு நரம்புக்குப் போகத் தண்டுக்கு வந்து திரும்ப வேண்டியிருந்தது. இனி இலையின் ஓரத்தோடேயே ஒரு தையல் போட்டுவிடுவார்கள், தண்டுக்கு வர வேண்டியதே இல்லை என்று ரசம் தொட்ட விரலால் ஓரத்தை ஒரே இழுப்பாக இழுத்தார்.

சோணையம்மாள் இலையைச் சற்று நேரம் பார்த்தார்.

“ஓரத்துல தச்சா இலை கிழியும் ஓவர்சியரய்யா” என்று சொல்லி, அதை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு மீனாட்சிசுந்தரத்துக்கு மோர் கிடைக்கவில்லை.

அன்று தொடங்கியது சக்களத்திச் சண்டை. அவள் பக்கம் ஒரு மைல் நீண்டால் இவர் ரசத்தில் மிளகு ஒரு பிடி கூடும். அங்கே ரோடு ரோலர் வந்ததாகச் சேதி வந்த வாரம் இங்கே கோலா உருண்டை வந்தது. தார் டின்கள் இறங்கியதாகச் சொன்ன அன்று பெஞ்சுகளுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கப்பட்டது. உடையப்பனுக்கே புது முண்டா பனியன் கிடைத்தது என்றால் நிலைமையின் தீவிரத்தை ஊகித்துக்கொள்ளலாம். மைல் கல்லைப் பிடுங்கிவிட்டுக் கிலோமீட்டர் கல் நட்டார்கள். அதுவும் தமக்கு எதிரான சதி என்று சோணையம்மாள் கண்டுபிடித்தார். மைல் கணக்கில் மெள்ள வந்தவள், கிலோமீட்டர் கணக்கில் கிடுகிடுவென்று வந்துவிடுவாள் அல்லவா?

ஐப்பசி வெள்ளம் வந்து அவளை மூன்று இடத்தில் அறுத்துக்கொண்டு போயிற்று. சோணையம்மாள் கடையில் அன்று எல்லோருக்கும் பாயசம். “ஒண்ணுமில்ல, வெல்லம் கொஞ்சம் மிச்சம் கெடந்துச்சு” என்றார். முந்திரிப் பருப்பும் மிச்சம் கிடந்ததா என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது தம்ளர் வேண்டியிருந்தது.

வியாபாரம் படுத்துவிடும் என்ற கவலைதானே இதெல்லாம் என்று கேட்பீர்கள். பாதி சரி. மீதியை ஒரு நாள் வெங்காயக் கூடைக்குப் பின்னாலிருந்து உடையப்பன் சொன்னார். அவர் பேசுவது வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவைதான். அதில் ஒன்று இது.

“இவளுக்கு மத்த லாரியெல்லாம் ஒரு கணக்கா? பாலத்தப் போட்டா அந்த அம்சா வர மாட்டானே. அதேன்.”

அமீர் ஹம்சா தொண்டிக்காரர். உப்பு லாரி ஓட்டுகிறார். முதன்முதலில் கிளீனராக வந்து, ரசம் காரம் என்று கண்ணைக் கசக்கியவர். அன்று சோணையம்மாள் ஒரு கட்டி வெல்லத்தைக் கையில் வைத்துவிட்டு, “ஆம்பளப் பிள்ளைக்கு ரசத்துக்கு அழுகையா” என்று கேட்டாராம். இப்போது அவருக்கு மீசை நரைக்கத் தொடங்கிவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அடுப்பை ஒட்டிய பெஞ்சு முனை அவருடையது. அங்கே வேறு யார் உட்கார்ந்தாலும் அடுப்புப் புகை அந்தப் பக்கமே அடிக்கும்படி விறகைத் தள்ளிவிடும் வித்தை சோணையம்மாளுக்குத் தெரியும். நோன்பு மாதத்தில் ஹம்சாவின் லாரி அந்தி நேரத்தில் வந்து நின்றால், கஞ்சி சூடாக மூடி இருக்கும். சோணையம்மாளுக்குப் பிள்ளை இல்லை என்பதை இந்த இடத்தில் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். அவர் சொன்னதில்லை.

ஆக, போன மாசியில் ஓவர்சியர் வந்து, பாலம் முடிந்தது, இனி வண்டி விடுவதுதான் பாக்கி என்று சொன்னபோது, கடையில் எல்லோரும் சோணையம்மாளைப் பார்த்தார்கள். அவர் அடுப்பைப் பார்த்தார். பழைய இரும்பு வாங்கும் காஜா மைதீன் கொஞ்சம் வேடிக்கை காட்டலாம் என்று நினைத்தார்.

“இதுக்கு ஏங்க்கா மொகத்தத் தூக்கி வச்சிருக்கீக? ஒரு நட போயி, அந்தப் பாலத்தப் பாத்து நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்க. மிச்சத்த அது பாத்துக்கிரும்.”

கடை முழுக்கச் சிரிப்பு. ஓவர்சியரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. சோணையம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. குழம்புக் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டி வைத்துவிட்டு, ஹம்சா எப்போது தொண்டிக்குத் திரும்புகிறார் என்று கேட்டார்.

அடுத்த நடையில் காலி லாரியோடு தெற்கே திரும்பிய ஹம்சாவின் பக்கத்தில் சோணையம்மாள் ஏறி உட்கார்ந்தார். விளக்கெண்ணெய் தடவி வாரிய தலை. பெட்டியிலிருந்து எடுத்த சுங்கடிச் சேலை. கண்ணில் மை இருந்தது. கருவியைச் சாணை பிடித்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. கடையில் தினம் சாப்பிடுகிறவன் என்ற உரிமையில், வேடிக்கை பார்க்கிற ஆசையோடு நானும் தொற்றிக்கொண்டேன். ஹம்சாவுக்கு விஷயம் தெரியும். அவர் இந்தக் கண், மண் எதையும் நம்புகிறவர் இல்லை. “சிமெண்டு, கம்பி, கருங்கல்லு அம்புட்டும் போட்டுக் கட்டிருக்கான். உங்க கண்ணு எந்த மூலைக்குக்கா?” என்று வழியெல்லாம் சீண்டினார். சோணையம்மாள் மெச்ச வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன். தொண்டியில் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றும்போதும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் அவளைப் பார்த்தோம். கறுப்பாக, வழவழவென்று, ஒரு பக்கம் சவுக்கு, ஒரு பக்கம் கடல். இடுப்பு வளைவது மாதிரி ஒரு வளைவு. சோணையம்மாள் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பார்த்தார். புது மருமகளின் நகையை எடை போடுகிற பார்வை.

“காத்து வேற” என்றார். அவ்வளவுதான். நம் கொட்டகையில் காற்று வேண்டுமென்றால் உடையப்பன்தான் விசிற வேண்டும்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பந்தல். அதில் ஒரு சாப்பாட்டுக் கடை, வந்து பத்து நாள் இருக்கலாம். மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சோணையம்மாள் அதில் ஒன்றை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கி, பிறகு உட்கார்ந்தார். கடைக்காரி சைதுன் பீவி ஹம்சாவின் அண்ணன் மனைவி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே வந்து, வாங்க என்று சிரித்தவர், வந்திருப்பது யார் என்று ஹம்சா சொன்னதும் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

“ஓ, நீங்கதானா அது? வருசக்கணக்கா உங்க ரசத்தப் பேசியே என் உசுர வாங்குது இந்த மனுசன். எங்க வீட்டு ரசத்த வாயில வச்சிட்டு மொகத்தச் சுளிக்கிறது. அப்பிடி என்னத்தப் போடுறீக அதுல?”

சோணையம்மாள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. இந்தக் கடற்கரையில், இத்தனை காற்றையும் மடக்கு நாற்காலியையும் வைத்துக்கொண்டு, ஒருத்தி தம்மைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருக்கிறாள். பொறாமைப்படுவதில் கரை கண்டவருக்குப் பிறர் பொறாமைக்கு ஆளாவது முதல் அனுபவம். “கைப்பக்குவந்தேன்” என்று மிக அடக்கமாகச் சொன்னார்.

ஆனால் மீன் குழம்பு வந்தது. ஒரு வாய் வைத்ததும் வெளிச்சம் இறங்கிவிட்டது. நல்ல குழம்பு. கடலிலிருந்து நேரே சட்டிக்கு வந்த மீன்; காரைக்குடிக்கு அது வருவதற்குள் பாதிக் கருவாடு ஆகியிருக்கும். சோணையம்மாள் மெள்ள மென்றார். இரண்டாவது தடவை சோறு கேட்டார். பிற கடைகளில் பச்சைத் தண்ணீர் குடிக்காதவர் இரண்டாம் சோறு வாங்கியது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹம்சா அவரை ஓரக்கண்ணால் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்தக் குழம்பு இருக்கிற ஊரில், இப்படி ஒரு ரோடு இருக்கிற வழியில் போகிறவன், சுற்றிக்கொண்டு காரைக்குடிக்கு எதற்கு வரப்போகிறான்? இலையை மடித்த விதத்தில் சோணையம்மாள் முடிவுக்கு வந்துவிட்டது தெரிந்தது. கையைக் கழுவிவிட்டு, பாலத்தைப் பார்க்க நேராகப் போய் நின்றார்.

நல்ல பாலம்தான். ஆற்றுவாயின் மேலே வெள்ளை வெளேரென்று நீண்டு கிடந்தது. கட்டியவர்களும் உலகம் தெரிந்தவர்கள். நடுக்கம்பத்தில் பூசணிக்காய் ஒன்றைக் கண்ணும் மீசையும் எழுதிக் கட்டியிருந்தார்கள். சோணையம்மாள் அதைப் பொருட்படுத்தவில்லை. இடுப்பில் கை வைத்து, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் பார்வையை ஓட்டி, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தார்.

பின்னால் லாரி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஹம்சா வண்டியைப் பாலத்தின் முகப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். பாரவண்டி போகலாம் என்று காலையில்தான் உத்தரவாம். உப்பைக் கொண்டுபோய் இறக்கிவிட்டுச் சாயங்காலம் இதே வழியில் திரும்பிவிடுவதாகவும், அதுவரை அக்கா மதினியோடு இருக்கட்டும் என்றும், தொண்டியில் பஸ் ஏற்றி விடுவது தம் பொறுப்பு என்றும் சொன்னார்.

சோணையம்மாளின் வாய் திறந்தபடியே இருந்தது. பாலத்தைப் பார்த்துவிட்டு லாரி திரும்பிவிடும், உப்பு எப்போதும் போல அறந்தாங்கி வழியாகப் போகும் என்றுதான் அவர் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“நீயா மொதல்ல போற?”

“ஆமாக்கா. மொத பாரவண்டி நம்ம வண்டிதேன்.” ஹம்சா கண்ணைச் சிமிட்டினார். “என்னமோ சொல்ல வந்தீகளே, சொல்லிருங்க. பாலம் எப்பிடி, நல்லாருக்கா?”

பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஹம்சா சிரித்துக்கொண்டே காத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் அத்தனை மூட்டை உப்பு. கீழே ஆறு.

நம் பக்கத்தில் தவமிருந்து பெற்ற பிள்ளைக்குப் பிச்சை என்று பெயர் வைப்பார்கள், குப்பை என்று வைப்பார்கள். அருமையானதைக் கேவலமாகச் சொன்னால் கெட்டது அண்டாது என்பது கணக்கு. அந்தக் கணக்கு தெரியாதவர்கள், அடுத்து நடந்ததைச் சோணையம்மாளின் வழக்கமான வயிற்றெரிச்சல் என்றுதான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். சைதுன் பீவி அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

“இதெல்லாம் ஒரு பாலமா?” என்று ஆரம்பித்தார் சோணையம்மாள். “கோணக்கால் கழுத மாதிரி நிக்கிது. இதுக்கா இம்புட்டு வருசம் ஆட்டம் போட்டாக? எங்கூரு வாய்க்கால்ல பனந்தூரு போட்டுருக்கான், அது இதவிடச் சீரா இருக்கு.” தூண் நோஞ்சான் என்றார், கைப்பிடி ஊளைமூக்கு என்றார், சுண்ணாம்பு அடித்தவனுக்குக் கண் அவிந்திருக்க வேண்டும் என்றார். பாலத்தில் மிச்சம் இல்லாமல் போகவே ரோட்டுக்கு வந்தார். அதிலும் தீர்ந்து லாரிக்கு வந்தார். இந்த ஓட்டை வண்டியை யார் சீந்துவா, இதை ஓட்டுற மூஞ்சிய எவ பார்ப்பா என்றார். அப்புறம் திரும்பி, மதினியின் மீன் குழம்பில் புளி பத்தாது என்றும் ஒரு வார்த்தை சொல்லிவைத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. அத்தனையும் அவசர அவசரமாக, மூச்சு விடாமல்.

சைதுன் பீவிக்கு முகம் சிவந்துவிட்டது. ஹம்சா விழுந்து விழுந்து சிரித்தார். “கேட்டியா மதினி? நாம தப்பிச்சோம்” என்று சொல்லி கியரைப் போட்டார். லாரி ஒரு குலுக்கலோடு பாலத்தில் ஏறியது.

வாய் வேலை முடிந்தது. கண் இருக்கிறதே, அதை என்ன செய்வது?

சோணையம்மாள் சட்டென்று திரும்பிக்கொண்டார். பாலத்துக்கும் கடலுக்கும் முதுகைக் காட்டி, மேற்கே பார்த்து நின்றுகொண்டு, முந்தானையை இழுத்து முகத்தில் போட்டு, இரண்டு உள்ளங்கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். மை கரைந்து சுங்கடியில் இறங்கியது.

கண்ணில் மணல் விழுந்துவிட்டது என்று நினைத்து, கோபத்தை மறந்து, சைதுன் பீவி ஒரு செம்பில் தண்ணீரோடு ஓடிவந்தார். சோணையம்மாள் செம்பை வாங்கவில்லை. புதுக் கான்கிரீட்டில் சக்கரம் உருளும் சத்தம் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது.

“ஏறிருச்சா அங்குட்டு?”

“ஏறிருச்சுக்கா.”

“பின்சக்கரமுமா?”

“பின்சக்கரமும் ஏறிருச்சு. நீங்களே பாருங்களேன்.”

அக்கரையில் லாரி நின்றது. ஹம்சா ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டினார். சோணையம்மாள் திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான், ஹாரனை நீளமாக அடித்தார். அந்தச் சத்தத்துக்குத் தலை பாதி திரும்பியது. சோணையம்மாள் முந்தானையை இன்னொரு சுற்றுச் சுற்றி, கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டார்.